கடலுக்குள் வடவைத் தீ

கடலினுள்ளே வடவை என்னும் தீ உறைகின்றது என்று நம் முன்னோர் கூறினர். அது கற்பனையே எனினும், கடல்நீரிலிருந்து சக்தியைப் பெற இயலுமா என்பது விஞ்ஞானத்தின் முன் நிற்கும் மெய்யான வினா. அவ்வினாவின் வரலாற்றில், செம்பூரிலும் மாதுங்காவிலும் வாழும் தமிழர்கள் நன்கறிந்த டிராம்பேக்குச் சிறப்பானதோர் இடமுண்டு.

டிராம்பே அணுசக்தி நிலையம் 1954-இல் நிறுவப்பெற்றது. அதனை உருவாக்கிய டாக்டர் ஹோமி பாபா, 1955 ஆகஸ்டில் ஜினீவா நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய அணுசக்தி மகாநாட்டிற்குத் தலைமை வகித்தார். அணுவைப் பிளப்பதோடு நில்லாமல், அணுக்களை இணைத்துச் சக்தி பெறும் வழியும் இருபது ஆண்டுகளுக்குள் கைகூடும் என்றும், அதன்பின் கடல்களே வற்றாத எரிபொருட் களஞ்சியமாகும் என்றும் அவர் தலைமையுரையில் முன்னுரைத்தார்.

அந்த எரிபொருள் யாது? உப்பன்று, நீரிலேயே அடங்கியுள்ள டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன். 1931-இல் அமெரிக்க அறிஞர் ஹெரால்டு யூரி இதனைக் கண்டறிந்தார். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் இது சுமார் 33 கிராம் அளவே உண்டு. எனினும் ஒரு லிட்டர் நீரிலுள்ள டியூட்டீரியம் முழுவதும் இணைவுறுமாயின், சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஒப்பான சக்தி வெளிப்படும். ஆனால் இவ்வணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்கும் இயல்பின. அவற்றை இணைக்கப் பத்துக் கோடி டிகிரி அளவிலான வெப்பம் வேண்டும். தடை அங்கேதான் இருக்கிறது.

1960-இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய ஸைரஸ் உலையிலும் கனநீர் பயன்பட்டது. ஆயினும் அங்கே அது நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் பொருளாகவே இருந்தது. சக்தியைத் தந்தது யுரேனியம்.

1989 மார்ச்சில், கண்ணாடிக் கலத்துக் கனநீரில் மின்சாரம் செலுத்தி, கடும் வெப்பமின்றியே இணைவு நிகழ்த்தியதாக அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருவர் அறிவித்தனர். டிராம்பே நிலையத்தின் இயக்குநராயிருந்த டாக்டர் பி. கே. அய்யங்காரின் ஊக்கத்தால் அங்கும் சோதனைகள் நடைபெற்றன. நியூட்ரான்களும் டிரிட்டியமும் தோன்றியதாக அறிக்கை வெளியாயிற்று. ஆனால் உலகின் வேறு பல ஆய்வுக்கூடங்களில் அத்தகைய விளைவு உறுதிப்படவில்லை. ஒருவர் கண்டதைப் பிறரும் காணுதல் வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் நியதி. ஆகையால் அக்கொள்கை பொதுவாக ஏற்கப்படவில்லை.

உப்புநீரால் விளக்கு எரிகிறதே என்று நேயர்கள் வினவலாம். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'ரோஷ்ணி' விளக்கு 2022 ஆகஸ்டில் அறிமுகமாயிற்று. மீனவர்க்குப் பயன்படத்தக்க நற்பொருள் அது. ஆயினும் இவ்வகை விளக்குகளில் உப்புநீர் மின்னோட்டத்திற்கு வழிவிடுகிறது. தேய்ந்து சக்தி தருவது உள்ளிருக்கும் உலோகத் தகடே. நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பினும், செலவிட்ட சக்தியைவிடக் குறைவாகவே திரும்பக் கிடைக்கும். இயற்கையின் பேரேட்டில் செலவின்றி வரவில்லை.

இணைவின் கணக்கும் அத்தகையதே. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில், 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் சக்தி பெற்றனர். அருஞ்சாதனை இது! எனினும் அந்த லேசரை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று. பிரான்சில் உருவாகிவரும் ஐட்டர் என்னும் சர்வதேச இணைவு உலைக்குரிய மாபெரும் குளிர்கலத்தை நம் நாடே செய்தளித்திருக்கிறது.

பாபா குறித்த இருபது ஆண்டுக் கெடு 1975-இலேயே கடந்துவிட்டது. எரிபொருள் கடலில் இருக்கிறது என்ற அவர் கூற்று மட்டும் மாறவில்லை. உப்புநீர் விந்தை என்று நாளை எவரேனும் ஒரு செய்தி கொணர்ந்தால், அதில் இட்ட சக்தி எவ்வளவு, எடுத்த சக்தி எவ்வளவு என்று முதலில் கேட்போமாக.