ஐப்பாடும் மாக் கணினி விற்பனையும்

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஐப்பாட், முதலில் மாக் கணினியுடன் மட்டுமே இணைந்தது. பாட்டுக் கருவிக்காக யாரும் கூட்டமாக வந்து கணினி வாங்கவில்லை. 2002இல் விண்டோசுப் பதிப்பும், 2003 அக்டோபரில் விண்டோசுக்கான ஐடியூன்சும் வந்தன. விண்டோசுக்காரர்கள் ஆப்பிள் மென்பொருளுக்குப் பழகினர். 2004 நிதியாண்டில் சுமார் 33 லட்சமாக இருந்த மாக் விற்பனை, 2007இல் 70 லட்சத்தைத் தாண்டியது. இதை ஒளிவட்ட விளைவு என்றனர். ஆனால் 2006இல் இன்டெல் சில்லுக்கு மாறியதும் ஒரு காரணம். முழுப் புகழையும் ஐப்பாடுக்கே கொடுப்பது மிகை.

இந்தியாவில் ஐடியூன்சு கடை 2012 டிசம்பரில்தான் திறந்தது. ஐப்பாட் விற்பனையோ 2008இலேயே உச்சத்தைக் கடந்திருந்தது. அதுவரை திருச்சியிலோ திருவரங்கத்திலோ ஐப்பாட் வைத்திருந்தவருக்குப் பாட்டு வாங்க இந்திய ஐடியூன்சு கடை இல்லை. கையிலிருந்த குறுந்தகடுகளிலிருந்து கச்சேரிகளை ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு வீட்டிலிருந்த விண்டோசுக் கணினியே போதும்.