பிசைந்த கைகளும் பிசையும் இயந்திரமும்

ரொட்டி சுடும் இயந்திரம் வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், மூத்தவர்கள் முகம் சுளிப்பதுண்டு. கையால் பிசைவதே ருசி, மற்றது சோம்பல் என்பார்கள். வேலைக்கும் போய்வந்து மாவோடு மல்லுக்கட்ட நேரம் ஏது என்று இளையவர்கள் கேட்பார்கள். இரு தரப்பாரும் அறிய வேண்டிய இரண்டு செய்திகள் வரலாற்றில் உள்ளன.

முதலாவது மதீனாவில் நிகழ்ந்தது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) தம் மணவாழ்வின் தொடக்க நாள்களைப் பற்றிக் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் அப்போது ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு செல்வமில்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், நீர் சேந்துவதும், தோல்வாளியைத் தைப்பதும், மாவு பிசைவதும் அஸ்மா (ரலி) அவர்களின் வேலைகள். ஆனால் ரொட்டி சுடுவது மட்டும் அவர்களுக்குச் சரியாக வரவில்லை. அண்டைவீட்டு அன்சாரிப் பெண்களே சுட்டுக் கொடுத்தார்கள். தமக்கு வராத பக்குவத்தை மறைக்காமல் சொல்லி, உதவிய பெண்களின் நற்பண்பையும் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

அப்பக்குவம் எளிதில் கைவருவதன்று என்பதை, பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஜப்பானியப் பொறியாளர்களும் உணர்ந்தார்கள். 1985இல் ஒசாகாவின் மட்சுஷிட்டா நிறுவனம் (இன்றைய பானசோனிக்) வீட்டு ரொட்டி இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. மேற்புறம் கருகியது; உட்புறம் வேகவில்லை. கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் காரணம் விளங்கவில்லை. அப்போது இகுகோ தனாகா என்ற மென்பொருள் வல்லுநர், ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் மாவை இழுப்பதோடு நில்லாமல் முறுக்கியும் விடுவதைக் கண்டார். அந்த அசைவைப் பெறுவதற்காக இயந்திரக் கலத்தின் உட்சுவரில் சிறு வரம்புகள் அமைக்கப்பட்டன. மாவு சூடேறி மிதமிஞ்சிப் புளித்துவிடாதிருக்க, ஈஸ்ட் பின்னர் தனியே விழவும் வழி செய்யப்பட்டது. 1987இல் விற்பனைக்கு வந்த அந்த இயந்திரம், முதல் ஆண்டிலேயே 5 இலட்சத்துக்கும் மேல் விற்றது.

ஆக, இயந்திரம் கைக்குப் பகையன்று, கையின் மாணவன். கற்ற ஓர் அசைவை அது சலிக்காமல் திரும்பச் செய்யும். ஆனால் மாவுக்கு மாவு நீர் குடிக்கும் அளவு மாறுவதை அது அறியாது. பிசையத் தொடங்கிய சில நிமிடங்களில் மூடியைத் திறந்து, விரலால் தொட்டு, ஒரு கரண்டி நீரோ மாவோ சேர்ப்பவர்க்கே நல்ல ரொட்டி கிடைக்கும். அந்த விரலுக்குக் கையால் பிசைந்த பழக்கம் வேண்டும். பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் கையால் பிசையக் கற்றுக்கொடுப்பது இதற்காகவே.

சோம்பல் என்னும் குற்றச்சாட்டுக்கும் அஸ்மா (ரலி) அவர்களின் வாழ்விலேயே விடை உண்டு. பின்னாளில் தந்தையார் குதிரையைப் பராமரிக்க ஒரு பணியாளரை அனுப்பியபோது, தமக்கு விடுதலையே கிடைத்ததுபோல் உணர்ந்ததாக அவர்கள் கூறினார்கள். பாரம் குறைவதில் குறையில்லை.

ஆயினும், அந்த அன்சாரிப் பெண்கள் செய்த ஒன்றை எந்த இயந்திரமும் செய்யாது: அது அண்டைவீட்டை நினைக்காது. சூடான ரொட்டியில் ஒரு பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுசெல்வது இன்றும் நம் கைகளின் வேலையே.