எந்தப் பக்கம்?

சிவகாசியில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெடிச் சத்தம் புதிதல்ல. கல்யாணத்துக்கு வெடி, கோவில் திருவிழாவுக்கு வெடி, தேர்தலில் ஜெயித்தால் வெடி. இவற்றுக்கெல்லாம் எங்கள் ஊரில் யாரும் தலையைத் திருப்புவதில்லை. ஆனால் வேறு ஒரு சத்தம் இருக்கிறது. அது காதில் விழும்போதே ஜன்னல் கதவு அதிரும். அதைக் கேட்டதும் தெருவே வாசலுக்கு வந்துவிடும். "என்ன சத்தம்?" என்று எவரும் கேட்கமாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. என் சித்தி அப்பொழுது திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைப் போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அங்கே வடக்கு என்றார் ஒருவர்; தெற்கு என்றார் மற்றொருவர்; சுவரில் மோதித் திரும்பிய சத்தத்தை நம்பி, கிழக்கேதான் என்று சத்தியம் செய்தார் இன்னொருவர். ஒரு மணி நேரம் கழித்துச் சாத்தூர் பஸ் வந்தது. "எங்களுக்கு மேற்கே கேட்டுச்சு, அண்ணாச்சி" என்றார் கண்டக்டர். வெம்பக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்தவர், "எங்களுக்கு வடக்கே" என்றார். டீக்கடைக்காரர் இரண்டையும் சேர்த்து யோசித்தார். "அப்படின்னா நம்ம ஊருக்குத் தெற்கே. திருத்தங்கல் இல்லை, தாயி. நீ வீட்டுக்குப் போ" என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாள் அழவில்லை. தெற்கே பார்த்து ஓடத் தொடங்கினாள். அவள் மகன் அந்தப் பக்கத்தில் வேலை செய்தான்.

இதே கேள்வியை ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டவர்களின் கதையைச் சமீபத்தில் படித்தேன். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு சரி; விஞ்ஞானம் எனக்குத் தூரத்து உறவு. ஆனாலும் இந்தக் கதை எனக்குப் புரிந்தது.

கதையின் ஒரு பகுதி நம் நீலகிரியிலேயே நடந்தது. ஊட்டிக்கு அருகே முத்தோரை மலைச் சரிவில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று 1970ல் வேலை தொடங்கியது. அமைத்தவர்கள் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது பிடிக்கும். ஆனால் ஒற்றைத் தொலைநோக்கி, ஒற்றைக் காதைப் போல, 'ஏறக்குறைய அந்தப் பக்கம்' என்றுதான் சொல்லும். ஆகவே அவர்கள் சந்திரனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அலை அனுப்பும் பொருளுக்குக் குறுக்கே சந்திரன் போகும்போது அலை மறைகிறது; விலகியதும் திரும்ப வருகிறது. சந்திரன் எந்த விநாடியில் எங்கே இருக்கும் என்பது கணக்கில் உள்ள விஷயம். மறைந்த நேரத்தையும் வெளிப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டால், பொருளின் இடம் அகப்பட்டுவிடும். இப்படி நூற்றுக்கணக்கான பொருள்களை ஊட்டியில் ஆராய்ந்தார்கள்.

ஆனால் சந்திரன் வரும் வரையில் காத்திருக்காத சத்தமும் உண்டே! 2007ல் டங்கன் லாரிமரும் அவருடைய குழுவினரும், ஆஸ்திரேலியாவிலுள்ள பார்க்ஸ் தொலைநோக்கி 2001ல் பதிவு செய்து வைத்திருந்த விவரங்களைப் புரட்டியபோது, ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குகூட நீடிக்காத ரேடியோ வெடிப்பு ஒன்றைக் கண்டார்கள். வானத்தின் எந்தப் பகுதி என்று தெரிந்தது. எந்த நட்சத்திர மண்டலம் என்று தெரியவில்லை. பலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அதே பார்க்ஸில் பதிவான, ஏறக்குறைய அதே ஜாடையுள்ள வேறு சில துடிப்புகள், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பை வேலை முடியுமுன் யாரோ திறந்ததால் வந்தவை என்று 2015ல் தெரிந்தது! லாரி டயர் வெடித்ததற்குத் தெருவே திரண்ட நாட்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

வழி, டீக்கடைக்காரர் கண்ட வழிதான். தொலைநோக்கிகளைத் தள்ளித் தள்ளி வைத்து ஒன்றாக இணைக்க வேண்டும். அலை எல்லாவற்றையும் ஒரே கணத்தில் தொடாது; ஒன்றுக்கு முந்தியும் ஒன்றுக்குப் பிந்தியும் வரும். அந்த அற்ப வித்தியாசத்தை அளந்தால் திசை துல்லியமாகிறது. எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு துல்லியம். ஊட்டியிலேயே பெரிய தொலைநோக்கியோடு சிறியவற்றை இணைத்துப் பழகிய ஸ்வரூப் குழுவினர், பிறகு புனேக்கு வடக்கே கோடாத்தில், 25 கிலோமீட்டர் பரப்பில் 30 பெரிய தட்டுகளை நிறுவினார்கள்.

திரும்பத் திரும்ப வெடிக்கும் ஒன்றை அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலுள்ள 27 தட்டுகள் 2016ல் 83 மணி நேரம் கவனித்து, ஒன்பது வெடிப்புகளைப் பிடித்தன. 300 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு சின்னஞ்சிறு நட்சத்திர மண்டலமே அதன் வீடு என்று 2017ல் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட வேறொன்றின் பதினைந்து வெடிப்புகளைக் கோடாத் தொலைநோக்கியால் பிடித்து, 2020ல் வெளியிட்டார்கள். அதே வருஷம் ஏப்ரல் 28ந் தேதி, நம் பால்வீதியிலேயே உள்ள ஒரு காந்த நட்சத்திரத்திலிருந்து இதே இனத்து வெடிப்பு வந்தது. இடம் தெரிந்ததால் ஆளும் தெரிந்தது. எல்லா வெடிப்புகளுக்கும் அதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை.

2025 மார்ச்சு 16ந் தேதி ஒரே ஒரு தரம் வெடித்த ஒன்றை, கானடாவிலுள்ள தொலைநோக்கியும் அதற்குத் துணையாகத் தூரத்தில் வைத்தவையும் சேர்ந்து, 13 கோடி ஒளி ஆண்டு தொலைவிலுள்ள மண்டலத்தின் எந்த ஓரத்தில் என்பது வரைக்கும் சொல்லிவிட்டன. அந்தத் தொலைவுக்கு அது தெருப் பெயரையும் வீட்டு நம்பரையும் சொன்ன மாதிரி.

அந்த வெடிப்புகளில் செத்தவர் யாரும் இல்லை. நம் பால்வீதியில் நடந்ததைத் தவிர மற்றவை நடந்தபோது நம் பூமியில் மனிதனே இல்லை. அதனால் விஞ்ஞானிகள் நிதானமாகக் கணக்குப் போடலாம். எங்கள் ஊரில் அப்படி முடிவதில்லை. இப்போது கைப்பேசி வந்துவிட்டது. எந்தப் பக்கம் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் ஜனங்கள் வாசலில்தான் நிற்கிறார்கள். பதில் வந்ததும் பாதிப் பேர் வீட்டுக்குள் போகிறார்கள்; பாதிப் பேர் ஓடுகிறார்கள்.