மேல்தளக் கனச் சரக்கு

கப்பலின் சரக்கறைக்குள் இறக்க முடியாத பெரும் பொருள்களைத் திறந்த மேல்தளத்தில் வைத்துப் பிணைத்துக் கொண்டுசெல்வது மேல்தளச் சரக்கேற்றம். மின்மாற்றி, கொதிகலன், காற்றாலை இறக்கை, அணு உலைக் கலன் போன்றவை இவ்வாறு பயணம் செய்கின்றன.

இதில் முதல் சிக்கல் கப்பலின் நிலைப்பு. தமிழகக் கரையோரப் பழைய போக்குவரத்தில் இது பெரிதாக இருக்கவில்லை. 1806இல் வெட்டத் தொடங்கிய பக்கிங்காம் கால்வாய் பின்னர் தெற்கே மரக்காணம் வரை நீண்டது. அதில் சென்ற தட்டையடி உப்புப் படகுகளில் பாரம் அடியிலேயே கிடந்தது. கால்வாயில் கடலலையும் இல்லை. கடற்கப்பலிலோ பாரம் மேல்தளத்துக்கு ஏறினால் எடைமையமும் உயர்கிறது, சாய்ந்த கப்பல் நிமிரும் வலு குறைகிறது. அதனால் அடித்தொட்டிகளில் நீர் நிரப்பி ஈடுகட்டுகிறார்கள். அரைகுறையாக நிரம்பிய தொட்டி ஆபத்தானது. உள்ளே புரளும் நீரே கப்பலை மேலும் சாய்க்கும்.

அடுத்த கேள்வி தளத்தின் வலிமை. சதுர மீட்டருக்கு 3 டன் தாங்கும் தளத்தில் 300 டன் பொருளை வைக்க, சுமை குறைந்தது 100 சதுர மீட்டரில் பரவ வேண்டும். இதற்காகவே எஃகு உத்தரங்களும் மரக்கட்டைகளும் அடியில் இடப்படுகின்றன. மரக்கட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு: நனைந்த எஃகின்மேல் எஃகு வைத்தால் உராய்வே இல்லை என்றுதான் கணக்கிட வேண்டும், இடையில் மரம் இருந்தால் உராய்வுக் கெழு 0.3. பிறகு சங்கிலி, கம்பிவடக் கட்டு. வழுக்காமல் தடுக்கச் சுமார் 25 பாகைச் சாய்வும், கவிழாமல் தடுக்க 45 முதல் 60 பாகையும் ஏற்றவை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1991இல் ஏற்ற சரக்குப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இவற்றை நெறிப்படுத்தியது.

தமிழகத்தில் இக்கலைக்கு ஒரு சான்று கூடங்குளம் அணுமின் நிலையம். பேருருவக் கருவிகளைத் தூத்துக்குடியிலிருந்து சாலைவழி கொண்டுவருவதில் சேத அபாயம் இருந்ததால், 2004 ஜனவரியில் அங்கு ஒரு சிறு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மிதவைக் கலங்கள் கருவிகளைக் கரைசேர்த்தன. 2023 செப்டம்பரில், தூத்துக்குடியிலிருந்து தலா சுமார் 300 டன் எடையுள்ள இரு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிவந்த மிதவையின் இழுவைக் கயிறு அறுந்தது. மிதவை கரையருகே பாறையில் தட்டி நின்றது. கலன்கள் கடலில் விழவில்லை. பின்னர் பத்திரமாகக் கரைக்கு எடுக்கப்பட்டன. தளத்துப் பிணைப்பைப் போலவே இழுவைக் கயிறும் சரக்கேற்ற ஆயத்தத்தில் சோதிக்கப்பட வேண்டிய உறுப்பு.