ஜெனீவாவுக்கு ஓர் ஆசனம்: மாநாட்டுப் பயணமும் அதன் சூழல் செலவும்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான் முதற்தடவையாக ஜெனீவாவுக்குப் போனேன். ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் 37ஆவது அமர்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. நான்கு நாட்கள் அங்கு நின்றேன். பேசக் கிடைத்தது இரண்டு நிமிடங்கள். ஊர் திரும்பிய மறுவாரம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் இருந்த போராட்டக் கொட்டகைக்குப் போனேன். மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா கேட்டார்: “போயிட்டு வந்தனீங்கள் பிள்ளை, அங்க எங்களுக்கு என்ன சொன்னவை?” சொல்வதற்கு என்னிடம் அதிகம் இருக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் இன்னொரு கேள்வி காத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கும் அக்காவின் மகன், “சித்தி, அந்த இரண்டு நிமிசத்துக்கு எவ்வளவு எரிபொருள் எரிஞ்சிருக்கும்?” என்று கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் எனக்கு இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடன் வேலை செய்யும் எங்கள் சிறிய அமைப்பு அதற்குப் பிறகு பயணங்களைத் திட்டமிட்ட முறையே மாறியது. அந்த அனுபவத்தில் கற்றவற்றை, இனிமேல் இப்படியான மாநாடுகளுக்குப் போகவிருப்பவர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் கணக்கு

கொழும்பிலிருந்து ஜெனீவா நேர்கோட்டில் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். நாம் பெரும்பாலும் டோஹா, துபாய், இஸ்தான்புல் போன்ற நகரங்களில் விமானம் மாறிப் போவதால் தூரம் இன்னும் கூடும். போய்வர ஒருவருக்கு, சாதாரண வகுப்பில், சுமார் ஒரு தொன்னிலிருந்து ஒன்றரைத் தொன் வரை காபனீரொக்சைட்டு வெளியாகிறது. கணக்கிடும் முறையைப் பொறுத்து இந்த எண் மாறும். விமானம் உயரத்தில் விட்டுச்செல்லும் முகில்கோடுகளின் வெப்ப விளைவையும் சேர்த்தால் இதைவிட அதிகம். இலங்கையர் ஒருவர் ஓர் ஆண்டு முழுவதும் சமையல், மின்சாரம், போக்குவரத்து என்று எல்லாவற்றுக்குமாக வெளியிடும் சராசரி அளவும் ஏறத்தாழ ஒரு தொன்தான். அதாவது, ஒருவருடைய ஓர் ஆண்டு ஒரே பயணத்தில் முடிந்துவிடுகிறது.

உலகில் வெளியாகும் காபனீரொக்சைட்டில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 வீதம். அந்தப் பங்கும் எல்லோருக்கும் சமமாக உரியதல்ல. 2018இல் உலக மக்களில் சுமார் 11 வீதமானோரே விமானம் ஏறினார்கள் என்றும், வர்த்தக விமானப் பயணங்களின் வெளியேற்றத்தில் பாதிக்கு உலக மக்களில் ஒரு வீதத்தினரே காரணம் என்றும் 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நான் வேலை செய்யும் கிராமங்களில் விமானம் ஏறியவர்கள் மிகச் சிலர். உலகத்தைச் சூடாக்கியவர்கள் நாங்கள் அல்லர்.

ஆனால், விளைவு எங்கள் வாசலுக்கு வருகிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அதன் நிலத்தடி நீர் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. கடல்மட்டம் உயர உயரக் கிணறுகள் உவராகும் ஆபத்தும் கூடும். மீள்குடியேறிய மக்களுக்குக் காணி கிடைத்தும் தண்ணீர் இல்லை என்ற நிலை வந்தால் அதுவும் ஓர் இடப்பெயர்வுதான். ஆகவே இந்தக் கணக்கு எங்களுக்கும் உரியது.

போகத்தான் வேண்டுமா?

2019இல் கிரேட்டா துன்பர்க் விமானம் ஏறாமல் பாய்மரப் படகில் இங்கிலாந்திலிருந்து நியூயோர்க்குக்கு இரண்டு வாரங்களில் போனார். தீவில் இருக்கும் நமக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஐரோப்பாவுக்கு ரயிலும் இல்லை, பயணிகள் கப்பலும் இல்லை. எனவே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி எதில் போவது என்பதல்ல. போகாமலே முடியக்கூடியது எது என்பதுதான்.

காகிதத்தில் முடியும் வேலைகள் பல உண்டு. வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவுக்கு ஒரு குடும்பம் தன் முறைப்பாட்டை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். கட்டணம் இல்லை. குடும்பத்தின் சம்மதத்துடன் ஓர் அமைப்பும் அனுப்பலாம். நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் முகங்கொடுக்கும் பூகோள காலமுறை மீளாய்வுக்கு எந்தக் குடியியல் அமைப்பும் எழுத்தில் சமர்ப்பிக்கலாம். அதற்கு ஐ.நா.வின் ஆலோசனை அந்தஸ்து தேவையில்லை. தனி அமைப்பு என்றால் 2,815 சொற்களுக்குள்ளும், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொற்களுக்குள்ளும் எழுதவேண்டும். இலங்கை கடைசியாக இந்த மீளாய்வுக்கு வந்தது 2023 பெப்ரவரியில்.

இணையவழியும் சாத்தியம் என்பதைக் கொவிட் காலம் காட்டியது. இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்க வழிசெய்த 46/1 தீர்மானம் 2021 மார்ச்சில் நிறைவேறிய அமர்வு, பெரும்பாலும் காணொளி வழியாகவே நடந்தது.

இருந்தாலும், எல்லாம் திரையில் முடிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஓர் அம்மா மகனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் இருக்கும்போது ஓர் இராஜதந்திரி தன் தொலைபேசியைப் பார்க்கமாட்டார். அதை நேரில் கண்டிருக்கிறேன். இங்கிருந்து இணையத்தில் பேசும்போது வேறு யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற அச்சமும் எங்கள் மக்களுக்கு உண்டு. அறிக்கை வாசிப்பது காகிதத்தில் முடியும். சாட்சி சொல்வதற்குத்தான் ஆள் போகவேண்டும்.

போவதென்றால் எப்படி?

முதலாவது, பயணங்களைச் சேர்ப்பது. பேரவை ஆண்டுக்கு மூன்று தடவை கூடும்: பெப்ரவரி இறுதியில் அல்லது மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று, செப்டெம்பரில் ஒன்று. மூன்றுக்கும் நான்கு நான்கு நாட்கள் போவதைவிட, இலங்கை பற்றிய விவாதம் வரும் ஓர் அமர்வுக்குப் போய் இரண்டு வாரம் நிற்பது மேல். விமானங்களில் மூன்றில் இரண்டு குறையும், சந்திப்புகள் கூடும். செங்கன் விசாவை உரிய நாட்களுக்குக் கேட்டு எடுத்தால் அதே பயணத்தில் பாரிஸ், பேர்ண் போன்ற நகரங்களிலுள்ள சந்திப்புகளையும் ரயிலில் முடிக்கலாம். ஜெனீவாவிலிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பேர்ணுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. சுவிஸ் ரயில்கள் பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் ஓடுகின்றன.

இலண்டனிலிருந்து ஜெனீவா வரும் எங்கள் உறவுகளுக்கும் இதையே சொல்வேன். யூரோஸ்ராரில் பாரிஸ் கார் து நோர், அங்கிருந்து கார் து லியோன் நிலையத்துக்கு மாறி ஜெனீவா. ஒரு பகலில் வந்துவிடலாம். சீட்டை முன்கூட்டியே எடுத்தால் விலையும் கட்டுப்படியாகும்.

இரண்டாவது, விமானச்சீட்டு. வணிக வகுப்பு ஆசனம் கூடிய இடத்தைப் பிடிப்பதால் ஒருவருக்கான வெளியேற்றம் சாதாரண வகுப்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏற்பாட்டாளர் தந்தாலும் அந்த வகுப்பைத் தவிருங்கள். மிஞ்சும் பணத்தில் இன்னொருவர் வரலாம். இரண்டு, மூன்று இடங்களில் மாறும் மலிவுச் சீட்டுகளையும் தவிர்ப்பது நல்லது. விமானம் மேலெழும்போதுதான் எரிபொருள் அதிகம் எரிகிறது.

மூன்றாவது, வீட்டிலிருந்து கட்டுநாயக்க வரை. எங்கள் வழக்கம் ஒருவரை ஏற்றிவிட ஒரு ஹயஸ் வானில் எட்டுப் பேர் போவது. போரில் பிரிந்த சனத்துக்கு வழியனுப்புவது சிறிய விடயமல்ல என்பது எனக்குத் தெரியும். என்றாலும், யாழ்ப்பாணத்துக்கு ரயில் 2014 ஒக்டோபரிலேயே திரும்ப வந்துவிட்டது. யாழ்ப்பாண ரயில் நிலையத்திலும் கட்டிப்பிடித்து அழலாம். கோட்டையில் இறங்கினால் விமான நிலையத்துக்கு 187ஆம் இலக்க பஸ் இருக்கிறது.

நான்காவது, அங்கே தங்குவது. ஜெனீவாவில் ஹோட்டலிலோ விடுதியிலோ தங்குபவர்களுக்கு ட்ராம், பஸ், ரயில் எல்லாவற்றுக்குமான இலவசப் போக்குவரத்து அட்டை கிடைக்கும். 15ஆம் இலக்க ட்ராம் ஐ.நா. முன்றல்வரை போகிறது. குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். வெறும் போத்தல் ஒன்று போதும். நாங்கள் இரண்டு தடித்த குளிர்ச்சட்டைகளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். போகிறவர் எடுத்துப்போய்த் திருப்பித் தருவார்.

ஐந்தாவது, கூட்டம் தமிழ்நாட்டில் என்றால் கடல்வழியைப் பாருங்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு, ரயிலும் கப்பலும் இணைந்த தனுஷ்கோடி – தலைமன்னார்ப் பாதையை இழந்தோம். காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பித்தது. ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பயணம். மாரியில் கடல் கொந்தளித்தால் நிற்கும் என்பதால் நாட்களை முன்பே உறுதிசெய்யவேண்டும்.

மரம் நட்டுக் காபனை ஈடுசெய்வதாகப் பணம் வாங்கும் திட்டங்களை நான் நம்பிப் பழகவில்லை. அவற்றில் பல சொன்ன அளவைக் குறைக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பனை நடுவோம், அது நல்லது. ஆனால், பறந்ததற்கு அது கணக்குத் தீர்க்காது.

அந்த ஆசனம் யாருக்கு?

கணக்குப் போட்டுப் பார்த்ததில் எங்களுக்கு மிஞ்சியது ஆண்டுக்கு ஓர் ஆசனம். அதில் யார் இருப்பது என்பதில் அமைப்புக்குள் சண்டையே வந்தது. ஆங்கிலம் தெரிந்தவர் போகவேண்டும் என்று நானும் சொன்னவள்தான். பிறகு யோசித்தேன். நான் சொல்வதை எழுதி அனுப்பலாம். ஓர் அம்மா சொல்வதை அப்படி அனுப்பமுடியாது.

2024 செப்டெம்பரில், 57ஆவது அமர்வுக்கு, அந்தக் கிளிநொச்சி அம்மாவே போனார். மொழிபெயர்க்க நான் கூடப் போகவில்லை. பேர்ணில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை தினமும் ரயிலில் வந்து அவருக்குத் துணையாக நின்றாள். இரண்டு வாரத்தில் பதினொரு சந்திப்புகள். திரும்பி வந்தவர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று பஸ்ஸில் போய், யார் என்ன சொன்னார்கள், யார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள் என்பதை மற்ற அம்மாக்களுக்குச் சொன்னார்.

மகன் இன்னும் வரவில்லை. அந்தப் பயணத்தால் அது மாறிவிட்டது என்று சொல்ல என்னால் முடியாது. பதில் கிடைக்காமலே இறந்துபோன பெற்றோரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆனால், “அங்க என்ன சொன்னவை?” என்ற கேள்வியை இப்போது யாரும் என்னிடம் கேட்பதில்லை. அவரிடம்தான் கேட்கிறார்கள். அவரிடம் சொல்வதற்கு இருக்கிறது.

அடுத்த முறை அழைப்புக் கடிதம் வரும்போது உங்கள் அமைப்பும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கட்டும்: இதை எழுதி அனுப்ப முடியாதா? ஒரு பயணத்தில் எத்தனை வேலையை முடிக்கலாம்? அந்த ஆசனத்தில் இருக்கவேண்டியவர் யார்?