விழுந்தால் வீட்டுக்கு: பரிசு விழுந்த வீடுகளில் நடந்தது என்ன?



யாருக்காவது எதிர்பாராத நல்லது நடந்தால் "லாட்டரி அடிச்ச மாதிரி" என்று இன்றும் சொல்கிறோம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை நின்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. நிஜமாகவே பரிசு விழுந்தவர்களின் வாழ்க்கை என்ன ஆனது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவில் அரசே லாட்டரி நடத்தத் தொடங்கிய முதல் மாநிலம் கேரளம். 1967-இல் சீட்டு விற்பனை ஆரம்பமாகி, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. சீட்டின் விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அதே 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நம் மாநிலத்திலும் பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கம் அப்போது பிறந்ததுதான். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்தின் ஊர்கள்.

பிறகு சிக்கிம், நாகாலாந்து, பூட்டான் சீட்டுகளும் வந்து குவிந்தன. உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பேருந்து நிலையங்களில் ஒலிபெருக்கி வைத்து விற்றது நினைவிருக்கும். மாதம் ஒரு சீட்டு என்றிருந்தது தினசரிப் பழக்கமானது. கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். 1998-இல் மத்திய அரசு கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை எண் லாட்டரியைத் தடை செய்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளுக்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

சரி, பரிசு விழுந்தவர்களுக்கு வருவோம். கேரளத்தின் 2022 ஓணம் பம்பரில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 25 கோடி ரூபாய் விழுந்தது. முகவர் கமிஷன் 10 சதவீதமும், மீதியில் 30 சதவீத வருமான வரியும் கழித்தால் 15.75 கோடி. அதன்மேல் கூடுதல் வரி வேறு. ஆனால் அவரை வாட்டியது வரி அல்ல. பணம் கைக்கு வருவதற்கு முன்பே உதவி கேட்டு வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சில நாட்களிலேயே நிம்மதி போய்விட்டது என்றும், சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பெயரும் முகமும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதுதான் காரணம். பிறகு கேரள அரசு, பரிசு பெற்றவர்களுக்குப் பணத்தைக் கையாள்வது பற்றி வகுப்பே நடத்தத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே 25 கோடி, திருப்பூர் பகுதியைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு விழுந்தது.

அப்படியானால் திடீர்ப் பணம் மனிதனைக் கெடுத்துவிடுமா? ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பரிசு வென்ற 22 பேரை வைத்து 1978-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை என்றது அது. ஃபுளோரிடாவில் ஏற்கெனவே கடனில் இருந்தவர்களுக்கு 50,000 முதல் 1,50,000 டாலர் வரை விழுந்தும், திவாலாவது சில ஆண்டுகள் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. ஆனால் 2020-இல் வெளியான சுவீடன் ஆய்வு பல ஆண்டுகள் கழித்து ஏராளமானவர்களை விசாரித்தது. பெரிய பரிசு பெற்றவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். அது பத்தாண்டுகளுக்குப் பிறகும் மங்கவில்லை.

ஆக, பணமே சாபம் என்பது சரியல்ல. அவசரப்படாமல் வைத்துக்கொண்டவர்களுக்கு அது நன்மையே செய்தது. எல்லாருக்கும் பரிசு விழுந்த வீடுகளின் கதை தெரிகிறது. விழாத வீடுகளின் கதைதான் யாருக்கும் தெரிவதில்லை. "விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கத்தின் இரண்டாம் பாதியில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

இப்போது அந்தப் பணம் நாட்டுக்கும் போவதில்லை. தடைக்குப் பிறகு, கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து நடக்கும் 'மூணு நம்பர்' சூதாட்டம் துண்டுச் சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் நுழைந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில், இந்தக் கடனில் சிக்கிய ஒரு குடும்பத்தின் ஐந்து உயிர்கள் போயின. கணக்கு எளிது. மூன்று எண்களில் ஆயிரம் சேர்க்கைகள் உண்டு. தினமும் ஒன்று வாங்கினால் சராசரியாக இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறைதான் விழும். நாளைக்கு 100 ரூபாய் என்றால் அதற்குள் ஒரு லட்சம் கரைந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. நம் இரு மாவட்டங்களிலும் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் பலர். அதனால் "துபாய் குலுக்கலில் உங்கள் எண்ணுக்குப் பரிசு" என்று செய்தி வந்தால் உண்மை போலவே தோன்றும். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பரிசைத் தருவதற்கு முன்பணம் கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கேரள அரசு தன் சீட்டை இணையத்தில் விற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் வளாகத்தில் காவல் பணியிலும் துப்புரவுப் பணியிலும் இருப்பவர்களிடமும், வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். நூறு ரூபாய் போனால் அதிகம் வலிப்பது அவர்களுக்குத்தான். அந்த நூறு ரூபாய் அஞ்சலகச் சேமிப்பில் சேர்ந்தால், குலுக்கல் இல்லாமலே அவர்கள் வீட்டுக்கு வந்து சேரும்.