படத்தின் முதுகில் எழுதிய குறிப்பு

நம் வீடுகளில் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தால், அடியில் நாலைந்து நிழற்படங்கள் கிடக்கக் காணலாம். படத்தைக் கையில் எடுத்ததும் நாம் செய்வது என்ன? முகங்களைப் பார்க்கிறோம், உடனே படத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கிறோம். அங்கே பென்சிலால் ஓர் ஆண்டு, இரண்டு பெயர்கள், படமெடுத்த கடையின் முத்திரை ஆகியவை இருக்குமாயின் அப்படம் வரலாறு ஆகிறது. ஒன்றும் இல்லையாயின் அது வெறும் காகிதமாய் நின்றுவிடுகிறது. சுவடியின் இறுதி ஏட்டில், இன்ன நாளில் இன்னார் எழுதி முடித்தார் என்று காணப்படும் குறிப்பு ஆராய்ச்சியாளருக்கு எவ்வளவு பயன்படுகிறதோ, அவ்வளவு பயன் படத்தின் பின்புறக் குறிப்பினாலும் உண்டு.

இன்றைய படத்திற்கு முதுகு இல்லை. கைப்பேசியில் எடுத்துக் கணினியில் வைக்கும் படத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு இடமில்லை. ஆயினும் குறிப்பு மறைந்து போய்விடவில்லை. படக்கோப்பின் உள்ளேயே அது புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அக்குறிப்பு உள்ளே வந்த வரலாறு யாது, அதனைப் படிப்பது எவ்வாறு, எந்த அளவிற்கு அதனை நம்பலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஓரத்தில் எழுதும் பழக்கம்

படம் எடுத்தவுடனே குறிப்பையும் எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் கணினிக் காலத்தில் தோன்றியதன்று. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் ‘ஆட்டோகிராஃபிக்’ என்னும் காமிரா வகையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஹென்றி கெய்ஸ்மன் என்பவர் கண்டுபிடித்த முறை அது. அதன் உரிமைக்குக் கோடக் கொடுத்த விலை 3,00,000 டாலர். காமிராவின் பின்புறத்தில் சிறிய கதவு ஒன்று இருக்கும். படம் எடுத்ததும் அதனைத் திறந்து, உலோக எழுத்தாணியால் நாளையோ பெயரையோ எழுதிச் சற்று நேரம் வெளிச்சம் படும்படி வைப்பார்கள். படச்சுருளைக் கழுவும்போது, இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட ஓரத்தில் அவ்வெழுத்துத் தோன்றும். ஏறத்தாழ 1932 வரை இவ்வகை விற்பனையில் இருந்தது, பின்னர் வழக்கொழிந்தது. எழுதும் வசதி இருந்தும் பலர் எழுதாமலே விட்டனர் என்று கருத இடமுண்டு. மனிதரின் சோம்பல் புதியதன்றே!

செய்தித்தாள் உலகம் இச்சோம்பலைப் பொறுக்க முடியாத நிலையில் இருந்தது. பெயரும் இடமும் தெரியாத படத்தைச் செய்தித்தாளில் எப்படி அச்சிடுவது? 1965-இல் இலண்டனில் உருவான பன்னாட்டுப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம், 1991-இல் அமெரிக்கச் செய்தித்தாள் சங்கத்துடன் கூடி ஒரு முறையை வகுத்தது. படத்தை எடுத்தவர் பெயர், ஊர், விளக்கம், உரிமை ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்தே அனுப்பும் முறை அது. ‘ஃபோட்டோஷாப்’ என்னும் படத்திருத்த மென்பொருள் இக்குறிப்புகளைக் கோப்பினுள் எழுதத் தொடங்கியதும், தொண்ணூறுகளின் நடுவில் இம்முறை பத்திரிகை அலுவலகங்களில் வேரூன்றியது.

ஜப்பானியர் வகுத்த அமைப்பு

இவையெல்லாம் மனிதர் கையால் எழுதும் குறிப்புகள். காமிராவே தானாக எழுதும் காலம் 1995-இல் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜப்பான் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் ‘எக்சிஃப்’ என்ற தரமுறையின் முதற் பதிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகையாகக் குறிப்பு எழுதினால், ஒருவர் காமிராவில் எடுத்ததை மற்றொருவர் பொறி அறியாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவான அமைப்பு வேண்டியதாயிற்று.

அந்த அமைப்பு எளியது. 1992-இல் வகுக்கப்பட்ட ‘ஜேபெக்’ படக்கோப்பு, 255, 216 என்னும் இரண்டு எண்களோடு தொடங்கும். காமிராவின் குறிப்பு, வழக்கமாக அவற்றை அடுத்து, 255, 225 என்ற இரண்டு எண்களைத் தலையில் சுமந்துகொண்டு வரும். குறிப்பின் நீளத்தைச் சொல்ல இரண்டே பைட்டுகள் ஒதுக்கப்பட்டமையால், அப்பகுதி 65,535 பைட்டுகளைத் தாண்ட முடியாது. அதனுள் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. 271 என்றால் காமிரா செய்த நிறுவனம். 272 என்றால் அதன் வகை. 315 என்றால் படமெடுத்தவர். 36867 என்றால் படமெடுத்த நாளும் நேரமும். 34853 என்றால் இடத்தைக் கூறும் பகுதிக்கு வழி. அகராதியில் சொல்லுக்குப் பொருள் பார்ப்பதுபோல, எண்ணுக்குப் பொருள் பார்த்தால் குறிப்பு முழுவதும் விளங்கிவிடும்.

கட்டளையிட்டுப் படிக்கும் முறை

கணினியில் படத்தின்மேல் சுட்டியை வைத்துப் ‘பண்புகள்’ என்னும் பலகையைத் திறந்தால் நாலு வரிகள் தெரியும். அது கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பது போன்றது. வீட்டினுள் நுழைந்து பார்க்க வேண்டுமாயின், கட்டளை வரியை நாட வேண்டும். கரிய சாளரம் ஒன்றில் எழுத்தால் ஆணையிட்டு, எழுத்தாலேயே விடை பெறும் முறையே கட்டளை வரி எனப்படுவது.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1971-இல் வெளிவந்த யூனிக்ஸ் இயக்க முறையின் முதற் பதிப்பிலேயே, எந்தக் கோப்பையும் எண் எண்ணாகக் கொட்டிக் காட்டும் ‘ஓடி’ என்ற கட்டளை இருந்தது. பின்னர் வந்த ‘ஸ்டிரிங்ஸ்’ என்ற கட்டளை, கோப்பினுள் நான்கு எழுத்துகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வருவனவற்றை மட்டும் பொறுக்கித் தரும். படத்தைப் பற்றி ஒன்றும் அறியாத இக்கட்டளையிடம் ஒரு படத்தைக் கொடுத்தாலும், குப்பைக்கு நடுவே காமிராவின் பெயரும் நாளும் பளிச்சென்று வந்து விழும். பதரைப் புடைத்து நெல்லெடுப்பது போன்ற வேலை இது.

நெல்லை மட்டுமே தரும் கருவி 2003-இல் கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி என்பவர் ‘பெர்ல்’ என்னும் கணினி மொழியில் ‘எக்சிஃப்டூல்’ என்ற கருவியை எழுதி, விலையின்றி உலகிற்கு வழங்கினார். காமிரா நிறுவனங்கள் தமக்கு மட்டுமே புரியும்படி எழுதிய மறைகுறிப்புகளும் உண்டு. ஆர்வலர் பலர், காமிராவில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் படமெடுப்பர். முன்னைக் கோப்புக்கும் பின்னைக் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு மறைகுறிப்பின் பொருளை உணர்வர். இத்தகையோரின் உழைப்பும் அக்கருவியில் சேர்ந்துள்ளது. தேய்ந்த கல்வெட்டை ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்தைத் தேர்வது போன்றதே இதுவும்.

கருவியைக் கணினியில் நிறுவிய பின் செய்ய வேண்டியது மிகவும் எளிது. சாளரத்தில் எக்சிஃப்டூல் என்ற அதன் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, படக்கோப்பின் பெயரைத் தட்டி, நுழைவு விசையை அழுத்துவதே வேலை. இடப்புறம் செய்தியின் பெயரும், முக்காற்புள்ளிக்கு வலப்புறம் அதன் மதிப்புமாக வரிகள் வரிசையாக வந்து நிற்கும். கோப்பின் பெயருக்குப் பதிலாக ஓர் உறையின் பெயரைக் கொடுத்தால், அவ்வுறையிலுள்ள படங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக் காட்டும். ஆயிரம் படங்களைத் தொகுக்க முனையும் பள்ளிக்கோ சங்கத்திற்கோ கட்டளை வரியின் பெரும்பயன் இதுவே.

சாட்சியை வினவுதல்

எழுதியிருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? ஆகாது. படத்திலுள்ள நாள் என்பது காமிராவின் கடிகாரம் சொன்ன சொல்லே. கடிகாரம் பொய்த்தால் குறிப்பும் பொய்க்கும். கோப்பின் புறத்தே கணினி காட்டும் நாளோ இன்னும் நம்பத் தகாதது. படியெடுத்தாலே அது மாறக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆண்டுமலருக்காக, இடிக்கப்பட்ட பழைய பலகைக் கட்டடத்தின் படம் ஒன்று கிடைக்கிறது. உட்குறிப்பில் 2002 ஜனவரி 1, நள்ளிரவு கடந்து ஐந்து நிமிடம் என்று இருக்கிறது. படத்திலோ நல்ல வெயில்; சீருடை அணிந்த பிள்ளைகள். புத்தாண்டு விடுமுறையன்று நள்ளிரவில் வெயிலும் வகுப்பும் ஏது? மின்கலம் தீர்ந்து, காமிராவின் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிட்டது என்பது உள்ளங்கை நெல்லிக்கனி.

ஆயினும் அக்குறிப்பைக் குப்பையில் எறிதல் தவறு. அதே காமிராவில், கடிகாரம் திருத்தப்படாமல் தொடர்ந்து எடுத்த மற்றொரு படத்தில் விளையாட்டு விழாத் துணிப்பதாகை தெரிகிறது. அதில் 2004 ஜூலை 17 என்று எழுதியிருக்கிறது. அப்படத்தின் உட்குறிப்போ 2002 ஜனவரி 9 என்கிறது. இரண்டுக்கும் இடைவெளி 920 நாள். கடிகாரம் பிந்திய அளவு இது. முதற் படத்தின் நாளோடு 920 நாளைக் கூட்டினால் 2004 ஜூலை 9, வெள்ளிக்கிழமை, பள்ளி நாள் என்று விடை வருகிறது. அவ்வரிசைப் படங்கள் அனைத்திற்கும் இத்திருத்தத்தை ஒரே கட்டளையில் செய்யும் ஆற்றலும் அக்கருவிக்கு உண்டு. பொய் சொன்ன சாட்சியிடமிருந்தே மெய்யை வாங்கிவிட்டோம் அல்லவா?

மற்றொரு நுட்பமும் உண்டு. தரமுறையில் நேர மண்டலத்தைக் குறிக்கும் இடம் 2016-இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய குறிப்புகளில், எந்த ஊர் நேரம் என்ற செய்தி பெரும்பாலும் இல்லை. சிங்கப்பூரில் நேரம் வைத்த காமிராவைச் சென்னைக்குக் கொண்டுபோய்த் திருமணப் படம் எடுத்தால், முகூர்த்தம் இரண்டரை மணி நேரம் பிந்தி நடந்ததாகக் காமிரா எழுதிவிடும்.

காட்டிக்கொடுத்த குறிப்பு

குறிப்பு நமக்கு உதவுவதுபோலவே நம்மைக் காட்டிக்கொடுக்கவும் வல்லது. 2012-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகறிந்தது. கணினி நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபி என்பவரை, ஒரு கொலை வழக்கு தொடர்பாக வினவ மத்திய அமெரிக்க நாடான பெலீசின் காவல்துறை தேடியது. அவர் தலைமறைவானார். அவரோடு சென்ற ‘வைஸ்’ இதழார், டிசம்பர் 3-ஆம் நாள் அவரது படத்தை இணையத்தில் வெளியிட்டனர். கைப்பேசியில் எடுத்த அப்படத்தினுள் இடத்தின் அளவைகள் அழியாமல் இருந்தன. அவற்றைப் படித்தவர்கள், அவர் அண்டை நாடான குவாத்தமாலாவில் இருப்பதைக் கண்டுகொண்டனர். குறிப்பைத் தாமே திரித்ததாக அவர் முதலில் கூறினார். பின்னர் அங்கிருப்பதை ஒப்புக்கொண்டார். டிசம்பர் 5-இல் குவாத்தமாலாக் காவல்துறை அவரைப் பிடித்தது. கணினிக் காவலுக்குப் பெயர்போனவரையே படத்தின் உட்குறிப்பு பிடித்துக் கொடுத்தது.

இடக்குறிப்பு பாகை, கலை, விகலை என்னும் மூன்று அளவுகளால் எழுதப்படுகிறது. குறுக்குக்கோட்டில் ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர். விகலையின் பின்னமும் எழுதப்படுவதால், தெருவை மட்டுமன்றி வீட்டையே அது சுட்டக்கூடும். மாணவர் வீட்டில் எடுத்த பிறந்தநாள் படத்தை ஊரறிய வெளியிடும் ஆசிரியர், அப்பிள்ளையின் வீட்டு வாசலையும் சேர்த்து வெளியிடுகிறார் என்பதை மறந்துவிடலாகாது. வெளியிடும் படியிலிருந்து குறிப்பை நீக்குதல் கடமை. அதற்கும் கட்டளை உண்டு. அவ்வாறு நீக்கும்போது அக்கருவி பழைய கோப்பை வேறு பெயரில் பக்கத்திலேயே வைத்துவிடும். அதனைத் தவறுதலாக அனுப்பிவிடுதல் கூடாது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. செய்தி அனுப்பும் செயலிகள் பல, படத்தைச் சுருக்கி அனுப்பும்போது உட்குறிப்பை உரித்துவிடுகின்றன. காவலுக்கு அது நன்று. வரலாற்றுக்கு அது கேடு. கைக்குக் கை மாறி வந்த விழாப்படத்திற்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே மூலக்கோப்பைக் குறிப்போடு காத்துவைப்பதும், ஊருக்குக் கொடுக்கும் படியில் குறிப்பை நீக்குவதுமே முறை.

தமிழுக்கு இடம்

இவ்வளவு காலமும் காமிராக் குறிப்பில் தமிழுக்கு இடம் இருந்ததா? படமெடுத்தவர் பெயரும் விளக்கமும் எழுதும் கட்டங்கள், 128 குறிகளே கொண்ட பழைய ஆங்கிலக் குறியீட்டுக்கே உரியனவாக வகுக்கப்பட்டிருந்தன. பயனர் கருத்துக்கென்ற ஒரு கட்டம் மட்டும் யூனிகோடை ஏற்றது. அடோபி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த ‘எக்ஸ்எம்பி’ என்ற வேறொரு குறிப்பு முறை எல்லா மொழிக்கும் இடம் தந்தது. எக்சிஃப் தரமுறையின் கட்டங்களோ 2023-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் உலக எழுத்துகளுக்குத் திறந்தன. ‘வள்ளி’ என்ற மூன்றெழுத்துப் பெயர் அதில் 15 பைட்டுகளைப் பிடிக்கும். பிடிக்கட்டுமே! இடத்திற்கு இன்று பஞ்சமில்லை.

நாளையும் நேரத்தையும் காமிரா எழுதிவிடும், இடத்தையும் எழுதிவிடும். ஆனால் முன்வரிசையில் நிற்கும் மூதாட்டி யார், எதற்காக அன்று எல்லோரும் கூடினர் என்பதை எந்தக் காமிராவும் அறியாது. அதனை அறிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, தமிழிலேயே படத்தினுள் எழுதிவைப்பது நம் கையில் இருக்கிறது. முன்னோர் படத்தின் முதுகில் பென்சிலால் செய்த பணி அதுவே, கருவிதான் மாறியிருக்கிறது.